மோர் குடிக்காதவர்கள்

பங்குனி 4, புதன்

மைனா,

உன் நீலப் பேனா இன்னும் எழுதுகிறது. மூடியைக் கடித்துக் கடித்துப் பல் பதித்து வைத்திருக்கிறாய். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். உனக்குப் பழக்கம்தானே. உன் அப்பா ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர்க்கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் போலிருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இன்று மதியம் பள்ளிக்கூடத்தில் நான் சமைத்ததைச் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாரியாத்தா நோம்பித் திருவிழா நடக்கிறது. கோயில் பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி இருப்பதால் மேளச் சத்தத்தில் குக்கர் விசில்கூடக் கேட்கவில்லை. சாம்பார் சாதம், முட்டை. ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் முதலில். எட்டு, ஒன்பது, பத்து பிறகு. சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும், சமையலுக்கு உதவியாக இருக்கும் ஈஸ்வரி, "அக்கா, உப்புப் பத்தலீங்க"ன்னாள். அண்டாவில் பாதி இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினேன்.

ஒன்பதாவது வரிசை வந்தபோது கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஈஸ்வரிதான் தோளைத் தட்டினாள். "என்னக்கா, யாரத் தேடுறீங்க?"

யாரையும் தேடவில்லை என்றேன்.

பெரிய பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு, வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்தார்கள். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவது வகுப்பில் நாற்காலி விழும் சத்தம். பிறகு எட்டாவதில். பிறகு வராந்தா முழுவதும். குழாயடியில் குனிந்திருந்த ஈஸ்வரியும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் போதாமல் சென்னியப்பன் அவருடைய டெம்போவைக் கொண்டுவந்தார். அவர் மகள் தீக்ஷாவைத்தான் முதலில் தூக்கி ஏற்றினார்கள்.

எல்லாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

பங்குனி 5, வியாழன்

ஆபீசர்கள் வந்தார்கள். எடுத்து வைத்திருந்த மாதிரிச் சாப்பாட்டையும் அண்டாவில் மிச்சமிருந்ததையும் சீல் போட்டுக் கொண்டுபோனார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகலாமாம்.

"நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களாம்மா?"

"இல்லீங்க."

"தினமும் பாப்பீங்களா?"

"பாப்பேனுங்க. நேத்து பாக்கல."

"ஏன்?"

"வயிறு சரியில்லீங்க."

பொய் சொன்னேன். நேற்று எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று உனக்குத் தெரியும். அதை ஒரு ஆபீசரிடம் எப்படிச் சொல்வது?

எச்.எம். டீச்சர் வழக்கமாக ருசி பார்ப்பார். நேற்று மீட்டிங்குக்குப் போயிருந்தார். ஆக அந்தச் சாப்பாட்டை முதலில் வாயில் வைத்தது பிள்ளைகள்தான்.

சென்னியப்பன் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அல்லவா, அவரும் வந்திருந்தார். தூங்காத கண். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இந்தம்மா சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாதுங்க. வந்த பொறவு எப்பவுமே வரக்கூடாது"ன்னார். எச்.எம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

சென்னியப்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை, மைனா. கையில் குளுக்கோஸ் ஊசியோடு மகளைப் பார்த்த மனுஷன். எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும் என்று.

பங்குனி 6, வெள்ளி

வாசல் தெளித்தேன். துணி துவைத்தேன். பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூட மணி கேட்டது. கை தானாகக் கரண்டியைத் தேடியது.

பங்குனி 7, சனி

தண்ணிக் குழாயில் என் குடத்தைக் கண்டதும் பேச்சு நின்றது. திரும்பி நடந்த பிறகு, கேட்கட்டும் என்றே ஒருத்தி சொன்னாள்: "தம் புள்ள போன வவுத்தெரிச்சலு. அதே வயசுப் புள்ளைகளத் தெனமும் பாத்துட்டு இருந்தா மண்ட கொழம்பத்தானே செய்யும்? தான் மட்டும் திங்காம இருந்திருக்கறா பாரு!"

குடம் இடுப்பில் இருந்தது. இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பேன்.

உன் அத்தை சரோஜா வந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனாள். "ஊரு பேசறத மனசுல வெக்காத"ன்னாள். எழுந்து போகும்போது, "நீ எப்பவுமே சொன்னாக் கேக்கறவ இல்ல. காய்ச்சலன்னிக்கும் அப்படித்தானே செஞ்ச"ன்னாள்.

அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வேறொன்று எழுதுகிறேன். சமையக்கட்டு அலமாரியில் உப்பு டப்பாவும் பாத்திரம் கழுவும் சோடாத்தூள் டப்பாவும் ஒரே மாதிரி மஞ்சள் மூடி போட்டவை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு ஒரு கை அள்ளிப் போட்டேன் என்பது நினைவிருக்கிறது. எந்த டப்பாவில் இருந்து என்று நினைவில்லை. கண்ணை மூடினால் உப்பு டப்பா தெரிகிறது. இன்னொரு முறை மூடினால் மற்றது தெரிகிறது. உப்புப் போடும் முன் சாப்பிட்ட சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பிறகு சாப்பிட்டவர்களுக்குத்தான்.

தண்ணிக் குழாயில் அந்த ஒருத்தி சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்குனி 8, ஞாயிறு

உன் சிநேகிதி பவதாரணி சைக்கிளில் வந்தாள். உயரமாகிவிட்டாள். உன் தோள் உயரம் இருந்தவள், இப்போது என் தோளைத் தாண்டுகிறாள். அவளும் அன்றைக்குச் சாப்பிட்டவள்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அத்த, உங்ககிட்டக் கொஞ்சம் கேக்கோணும்."

"எம்மேல தப்பில்லன்னு சொல்ல வந்தயா கண்ணு?"

"இல்லீங்கத்த. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வந்தேன்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நீங்க அப்படிச் செய்யற ஆளா என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்லத்தான் யாராவது வர மாட்டார்களா என்று மூன்று நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தெரிந்துவிட்டது போல. அவளே சொன்னாள்:

"நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்கு மனசு சொல்லுதுங்க. ஆனா எனக்கு உங்களப் புடிக்கும். அதனால நான் உங்க பக்கமாத்தான் பாப்பேன். சென்னியப்பன் மாமாவுக்குக் கோவம், அவரு எதுத்தாப்பல பாப்பாரு. நாங்க ரண்டு பேரும் பாக்காத பக்கம் ஒண்ணு இருக்குமில்லீங்க? அதத்தான் பாக்கோணும்."

பிறகு கேட்க ஆரம்பித்தாள். போலீஸ்காரன்கூட அப்படிக் கேட்கமாட்டான். தண்ணி எங்கே பிடித்தது, பருப்பு எப்போது ஊறியது, முட்டை உடைந்தது இருந்ததா. கடைசியில், "சோடாத்தூள் டப்பா எங்க இருந்துச்சுங்க?"

ஈஸ்வரி சொல்லியிருப்பாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "எதுல இருந்து அள்ளுனேன்னு எனக்கே தெரியல கண்ணு."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பதறவில்லை. "ஐயோ" என்று சொல்லவில்லை. "சரிங்க, தெரியாதுன்னே வெச்சுக்கலாம். தெரியாதத தெரியும்னு சொல்லாம இருந்தீங்களே, அது போதும்"ன்னாள். "அன்னிக்கு வேற எதும் சாப்ட்டீங்களா?"

"ஒண்ணுமே இல்ல."

"கோயில்ல குடுத்த மோரு?"

"நான் மோர் தொடறதில்ல."

"ஏனுங்?"

அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை நான். உனக்குப் பிடித்த பிள்ளை. எனக்குக் கோபம்.

ராத்திரிச் சோறு ஆக்கும்போது உப்பை அள்ளி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

பங்குனி 9, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி வந்தாள். கூட ஜெஸ்லின். நம் சர்ச் வீதி டெய்லர் மகள். அவளும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவள், கன்னம் ஒட்டியிருந்தது.

"அத்த, இவ சத்துணவே சாப்பிடறதில்லீங்க. டிபன் டப்பாதான். அன்னிக்கும் எலுமிச்சஞ்சாதம். ஆனா வாந்தி."

நான் ஜெஸ்லினையே பார்த்தேன். "நெசமா, கண்ணு? ஒரு வாய் கூட வெக்கலையா? முட்டை?"

"எங்கம்மா வெளிய எதும் வாங்கித் திங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குதுங்க ஆயாம்மா. எம் பங்கு முட்டையெல்லாம் இவளுக்குத்தான் போகும்"னு பவதாரணியை இடித்தாள்.

"ஆமா, அதச் சொல்லாட்டித் தூக்கம் வராது உனக்கு!"

என்னிடம் கோலப்பொடி கேட்டார்கள். பவதாரணி தரையில் பெரிய சதுரம் போட்டு நாலாகப் பிரித்தாள். புளியங்கொட்டை இருக்கிறதா என்றாள். பல்லாங்குழி ஆட வந்தீர்களா என்று கேட்டேன். சிரித்தாள். இந்தப் பக்கம் சத்துணவு சாப்பிட்டவர்கள், அந்தப் பக்கம் சாப்பிடாதவர்கள். மேலே சீக்கானவர்கள், கீழே நன்றாக இருப்பவர்கள். எட்டு, ஒன்பது, பத்து வகுப்பில் ஒவ்வொருத்தரையும் கேட்டிருக்கிறார்கள் இரண்டு பேரும், ஒரு கொட்டைக்கு ஒரு பிள்ளை.

"எல்லாரும் சீக்கானவங்களையே போயி என்ன தின்னேன்னு கேக்கறாங்க. அவங்க சத்துணவுன்னுதான் சொல்வாங்க, தெனமும் திங்கறது அதானே. நல்லா இருக்கறவங்கள யாருமே கேக்கல."

கொட்டைகள் நாலு கட்டத்திலும் விழுந்தன. சாப்பிட்டுச் சீக்கானவர்கள் இருந்தார்கள். அதே அளவு, சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்கள் இருந்தார்கள். சாப்பிடாமல் சீக்கானவர்களும் ஜெஸ்லினோடு ஒரு கை அளவு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல இருந்து என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க. அதான் விசயம்"னாள். எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். "இப்ப கோயில் மோரு."

மைனா, இந்தத் தடவை கொட்டைகள் சிதறவில்லை. சீக்கானவர்கள் அத்தனை பேரும் 'குடிச்சவங்க' கட்டத்தில் குவிந்தார்கள், ஈஸ்வரியும், 'திங்கத்தானே கூடாது' என்று மோர் குடித்த ஜெஸ்லினும் சேர்த்து. மோர் குடிக்காமல் சீக்கானவர் கட்டம் காலி. வெறும் தரை. சின்னப் பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே விடுவதில்லை, அதனால் அவர்கள் குடிக்கவில்லை.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதே ஓடிப்போய் எச்.எம். டீச்சரைப் பார்க்கலாம் என்று செருப்பைத் தேடினேன். பவதாரணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கத்த. இங்க ஒரு கொட்ட இருக்குது பாருங்க."

குடித்தும் நன்றாக இருப்பவர் கட்டத்தில் ஒரே ஒரு கொட்டை.

"யாரு அது?"

"நாந்தானுங்க."

"ஒண்ணுதானே கண்ணு! உடு அத."

"எப்படீங்க உடறது? மோர்ப் பந்தல் போட்டது சென்னியப்பன் மாமா ஊட்டு பூங்கோதை அத்தை. மோருதான் காரணம்னு நாம ஊருக்குள்ள சொல்லிப்போட்டு, பொறவு இல்லைன்னு ஆச்சுன்னா? உங்களுக்கு அவங்க செஞ்சதத்தானே அவங்களுக்கு நாம செய்வோம்?"

நான் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

பங்குனி 10, செவ்வாய்

வீடு கூட்டும்போது அந்தக் கோலத்தைச் சுற்றிக் கூட்டினேன். அந்த ஒற்றைக் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுதிவிட்டேன், உன்னிடம் மறைத்து என்ன.

உன் அப்பா போன் செய்தார். "வேலைய உட்டுப்போடு மணி. நாம என்ன சோத்துக்கு இல்லாமயா இருக்கோம்?"னார். அவருக்கு நான் ஏன் அங்கே போகிறேன் என்று தெரியாது. தெரிந்தாலும் கேட்கமாட்டார்.

சாயங்காலம் பவதாரணி ஓடி வந்தாள். படியிலேயே சத்தம்: "அத்த! நான் குடிச்சது காலைலீங்க!"

மற்றவர்கள் எல்லாம் குடித்தது மதியம், சாப்பிட்ட பிறகு. இவள் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பே கோயிலுக்குப் போயிருக்கிறாள். அப்போதுதான் மோரை அண்டாவில் ஊற்றியிருக்கிறார்கள். அதே மோர், அதே அண்டா. காலையில் குடித்தால் ஒன்றுமில்லை, மதியம் குடித்தால் வாந்தி.

"அவ்ளோ காலைல கோயில்ல உனக்கென்ன வேல?"

"சும்மாதானுங்க"ன்னு தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னாலேயே வந்த ஜெஸ்லின் சொன்னாள்: "இந்த வருசம் பித்தள அண்டாங்க. என்னா பளபளப்பு! உள்ள குனிஞ்சா மூஞ்சியே தெரிஞ்சுது."

"உள்ளயா?" என்றாள் பவதாரணி. அப்படியே நின்றாள்.

ஈயம் பூசிய பாத்திரம் உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும், முகம் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு முன்னால் அவள் சைக்கிளை எடுத்துவிட்டாள். சயின்ஸ் டீச்சர் வீட்டுக்கு.

இருட்டும் முன் திரும்பி வந்தாள். புளிப்பு, பித்தளையில் மணிக்கணக்காக நின்றால் களிம்பு இறங்கும், வாந்தி வரும் என்று டீச்சரும் சொன்னாராம். "ஆனா நான் சொல்றேன்னு நம்பாத, செஞ்சு பாத்துட்டு வா"ன்னும் சொன்னாராம். நல்ல டீச்சர்தான்.

பங்குனி 11, புதன்

காலையில் பால்காரரிடம் தயிர் வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த வீட்டில் தயிர் வாங்கி ஒரு வருசம் ஆகிறது என்று அவருக்குத் தெரியும்.

கடைந்து, எலுமிச்சை பிழிந்து, கோயிலில் செய்த மாதிரியே. ஈயம் பூசாத என் கல்யாணச் சீர்ப் பித்தளைச் சொம்பில் பாதி, எவர்சில்வர் டம்ளரில் பாதி. இரண்டையும் ஜன்னலில் வைத்தேன். ஒன்று மட்டும் வைத்தால் போதாதா என்று நேற்றுக் கேட்டதற்கு, "வெய்யில்ல கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் சொன்னா என்ன பண்றதுங்க? ரண்டும் ஒரே வெய்யில்ல இருக்கட்டும்"னு பதில்.

தயிர் வாசம் வீடு முழுக்க. வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் வந்த பிறகுதான் எட்டிப் பார்த்தேன். டம்ளர் மோர் வெள்ளையாக இருந்தது. சொம்பில் விளிம்பைச் சுற்றிப் பச்சைக் கோடு. மோரும் லேசாகப் பச்சை நிறம். ஜெஸ்லின் விரலை விட்டு நாக்கில் வைக்கப் போனாள். "ஏய்! வெச்சயின்னா கைய ஒடிச்சுப்போடுவேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் ஓடியது.

மூன்று பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் மூன்று பேர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

பங்குனி 12, வியாழன்

எச்.எம். டீச்சர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். சென்னியப்பன் வீட்டுக்குப் போனோம். எச்.எம்., சயின்ஸ் டீச்சர், இரண்டு பிள்ளைகள், நான். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

சென்னியப்பன் கேட்டதும் கொதித்தார். "சின்னப் புள்ளைங்க கொட்டய எண்ணிட்டு வந்து சொல்லுதுன்னு, சாமி காரியத்துல கை வெக்கறீங்களா டீச்சர்? நாளைக்கு அம்மன் மேலயும் சந்தேகப்படுவீங்களா?"

பவதாரணி ஜெஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பேசினாள். "நாங்க சொல்றது தப்பா இருக்கலாமுங்க மாமா. அண்டாவ ஒரு தடவ உள்ள பாத்தாப் போதும். வெள்ளையா இருந்துச்சுன்னா நாங்க தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் போயிருவோம்."

தப்பு என்று ஆனால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

தீக்ஷாதான் உள்ளே போய் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே, வெளியே, எல்லாம் ஒரே தங்க நிறம். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

பூங்கோதை கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மாமியாரு காலத்து அண்டாங்க. கறுத்துக் கெடந்துச்சு. நோம்பிக்கு எடுக்கறமே, சாமி முன்னால பளிச்சுனு இருக்கட்டும்னு பாலீஷ் கடைல மிசின் போடச் சொன்னேன். உள்ளயும் போடட்டுமான்னான். போடுன்னுட்டேன்." அண்டாவையே பார்த்தபடி சொன்னாள். "செம்பு, பித்தளைல வெச்சுக் குடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு போன்ல வந்துச்சுங்க. அதான் விடியாலயே ஊத்தி வெச்சேன். ரொம்ப நேரம் ஊறட்டும்னு..."

"தண்ணிக்குச் சொல்லியிருப்பாங்க" என்றார் சயின்ஸ் டீச்சர் மெதுவாக.

ஈயம் அத்தனையும் மெஷினில் போயிருக்கிறது.

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, வாசற்படிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். பூங்கோதை முந்தானையை வாயில் வைத்து, "நானே எம் புள்ளைக்கு வெசத்தக் குடுத்திருக்கறனே"ன்னு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பவதாரணி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள். "அத்த, நீங்க வேணும்னு செய்யலைங்கறதுக்கும் சாட்சி இருக்குதுங்க. தீக்ஷா மூணு டம்ளர் குடிச்சா. நீங்கதான் ஊத்திக் குடுத்தீங்க."

நான் படியேறி உள்ளே போனேன். ஒரு சொம்பு தண்ணி மொண்டு பூங்கோதைக்குக் கொடுத்தேன். எவர்சில்வர் சொம்பு.

வரும் வழியில் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். உள்ளே போகவில்லை. மாரியாத்தாவுக்கும் தெரியட்டும், எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. உன் விசயத்தில்.

பங்குனி 13, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். விடிந்தது தெரியவில்லை.

பங்குனி 16, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. என் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தக் கை அள்ளியது உப்புதான். இரண்டு டப்பாவும் இன்னும் என் கண்ணுக்குள் மாறி மாறித்தான் தெரிகின்றன. நினைவு அவ்வளவுதான் போலிருக்கிறது. இன்று முதல் வேலையாகச் சோடாத்தூளை வெளி அலமாரிக்கு மாற்றி, டப்பா மேல் சிவப்புத் துணி கட்டினேன்.

சாவியை எச்.எம். டீச்சர் என் கையில் கொடுத்தார். "வசந்தாமணிம்மா, அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்"னார். பரவாயில்லைங்க என்றேன். அவருக்காகவும் கொஞ்சம், எனக்காகவும் கொஞ்சம்.

ஈஸ்வரி சிரித்துச் சிரித்துப் பேசினாள். "எல்லாப் புள்ளைகளுக்கும் ஆப்பிள் வாங்கிட்டுப் போயி பாத்தாங்க. நானும்தான் வாந்தி எடுத்தேன், ஒரு வாழப்பழம் கூட இல்லீங்க்கா!" அவள்தான் ஆபீசரிடம் 'அக்கா நெனப்பில்லாம நின்னுச்சு' என்று சொன்னது. அது உண்மைதானே. உண்மையைச் சொன்னவளோடு என்ன பேசாமல் இருப்பது.

சென்னியப்பன் வந்தார். தட்டை எடுத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். நான் போட்டேன். நின்றபடியே எல்லார் முன்னாலும் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்குதுங்"னார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

ஒன்பதாவது வரிசை வந்தது. எல்லா முகத்தையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இன்றைக்கு நான் எங்கேயும் நிற்கவில்லை.

பங்குனி 18, புதன்

பாத்திரம் கழுவி முடித்தபோது பவதாரணி சமையக்கட்டு வாசலில் நின்றாள்.

"அத்த, ஒண்ணு மட்டும் நீங்க பதிலே சொல்லல. நீங்க ஏன் மோர் தொடறதில்ல?"

"எல்லாம்தான் முடிஞ்சு போச்சே கண்ணு."

"உங்களுக்கு முடியலீங்களே."

"நீ மொதல்ல சொல்லு. அன்னிக்குக் காலைல கோயிலுக்கு எதுக்குப் போன?"

கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "மிருதுளா பேருக்கு அர்ச்சன பண்ணப் போனேன். அவ பொறந்த நாளுங்களே."

உன்னை உன் பள்ளிக்கூடப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. நீ பிறந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவளுக்குக் கோயிலுக்குப் போகத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் காலையில் மோர் குடித்தாள். அதனால்தான் அந்த ஒற்றைக் கொட்டை.

கழுவிய அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ராத்திரி, எதுவும் வேண்டாம், தயிர்ச்சோறு மட்டும் போதும் என்று நீ கேட்டது. சரோஜா வேண்டாம், சளி கட்டும், சன்னி கண்டுவிடும் என்று சொல்லியும் நான் பிசைந்து கொடுத்தது. நாலாம் நாள் நீ போனது. அந்தத் தயிர்ச்சோறுதான் கொன்றது என்று துக்க வீட்டில் சரோஜா சொன்னது. அதற்கு யாரும் மறுத்துப் பேசாதது.

பவதாரணி என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"டெங்குன்னாரு. ரத்தத்துல என்னமோ கொறஞ்சு போச்சுன்னாரு."

"தயிரப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"எப்படிக் கண்ணு கேப்பேன்?"

வாசற்படியில் உட்கார்ந்தாள். "எந் தம்பிக்கு டெங்கு வந்தப்ப அம்மா தயிர்ச்சோறுதான் ஊட்டுச்சு. அவன் நல்லாத்தான் இருக்கான். ஆனா ஒரு ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் கேட்டுட்டு வர்றேன்."

"யார்கிட்டக் கேப்ப?"

"தின்னு பொழச்சவங்ககிட்டீங்க. சரோஜா அத்தை அவங்கள யாரையும் கேட்டிருக்க மாட்டாங்க."

பங்குனி 19, வியாழன்

மைனா,

பவதாரணி பெரியாஸ்பத்திரிக் காய்ச்சல் வார்டு நர்ஸம்மாவையே நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். டெங்குப் பிள்ளைகளுக்கு வாய்க்குப் பிடித்தால் தயிர்ச்சோறு கொடுங்கள் என்று அவர்களே சொல்வார்களாம். அந்த வார்டில் அதைத் தின்று எழுந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லையாம். தயிர் எந்தப் பிள்ளையையும் கொண்டுபோனதில்லையாம்.

"அப்ப எம் புள்ளைய எது கொண்டுபோச்சு?" என்று கேட்டேன்.

"காய்ச்சலுங்கத்த. உங்க கை இல்ல."

இதை ஆறுதலுக்காக யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். என்மேல் சந்தேகப்பட்டு, சோடாத்தூள் டப்பா எங்கே என்று கேட்ட வாய் அது. அதனால் நம்பினேன். நம்பி, சமையக்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருசமாக அழுத அழுகை இல்லை இது. முடிந்ததும் உடம்பு லேசாக இருந்தது. கூட வந்த ஜெஸ்லின் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, நான் அழுது முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பால்காரரிடம் தயிர் வாங்கினேன். "மறுபடியும் ஆராய்ச்சிங்களா?"னு கேட்டார். இல்லைங்க, சாப்பிடறதுக்கு என்றேன்.

சோற்றைக் குழையப் பிசைந்து, கொஞ்சம் உப்பு, உனக்குப் போடுகிற மாதிரியே ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். சாப்பிட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

இத்தனை நாள் அந்த ராத்திரியை நினைத்தால் என் கை மட்டும்தான் தெரிந்தது. இன்றைக்குத்தான் உன் முகம் தெரிகிறது. அஞ்சு உருண்டை வாங்கிக்கொண்டாய், ஆறாவதற்கும் வாயைத் திறந்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். ஒன்றுமே சொல்லவில்லை.

நல்லா இருந்துச்சா, மைனா?